மிசௌரியில் நம்பிக்கை சாகவில்லை

"இந்த ராஜ்யத்தில் நாம் என்ன செய்தாலும் பயனில்லை. ஜனங்கள் என்றைக்கும் அவர்களுக்கேதான் ஓட்டுப் போடுவார்கள்." தோல்வி மேல் தோல்வி கண்ட இடத்தில் முற்போக்காளர் வாயிலிருந்து முதலில் கிளம்பும் பேச்சு இதுதான். இதைக் கேட்டு அதிகமாக மகிழ்கிறவர்கள் யார்? முதலாளிமார்தான். தொழிலாளி தானாகவே சோர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவர்களுக்கு அடியாள் செலவு மிச்சம்!

இந்தப் பேச்சு சரிதானா? அமெரிக்காவின் நடுமத்தியில் உள்ள மிசௌரி ராஜ்யத்தை எடுத்துப் பார்ப்போம். கிழக்கே செயின்ட் லூயிஸ், மேற்கே கான்ஸஸ் சிட்டி என்று இரண்டு தொழில் நகரங்கள். நடுவே சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். தென்கிழக்கு மூலையில் பருத்திக்காடு. 2000 முதல் 2024 வரை நடந்த ஏழு ஜனாதிபதித் தேர்தல்களிலும் இங்கே ரிபப்ளிகன் கட்சியே ஜெயித்தது. 2003 முதல் சட்டசபையின் இரு சபைகளும் அதன் கையில்தான். இத்தகைய ராஜ்யத்தை அந்த நாட்டுப் பத்திரிகைகள் 'சிவப்பு ராஜ்யம்' என்று எழுதுகின்றன. நம் கொடியை நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், தோழர்களே! பழமைவாதக் கட்சிக்குத் தேர்தல் வரைபடத்தில் அவர்கள் பூசும் நிறம் அது.

இப்படிப்பட்ட இடத்தில் உழைப்பாளிக்காகப் பேசுகிறவன் எதை நம்பி வாழ்வது?

2017 பிப்ரவரியில் அந்தச் சட்டசபை நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் கவர்னர் கையெழுத்திட்டார். அதன் பெயர் 'வேலை உரிமைச் சட்டம்'. பெயரில் தேன் தடவியிருக்கிறது. உள்ளே இருப்பது விஷம். யாருக்கும் அது வேலை தரவில்லை. சங்கம் போராடி வாங்கிய கூலி உயர்வை எல்லோரும் அனுபவிக்கலாம். ஆனால் சங்கச் செலவில் தம் பங்கைக் கொடுக்கும்படி யாரையும் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதுதான் சட்டத்தின் சாரம். சங்கத்தின் கஜானாவை வற்றவைத்து, பிறகு சங்கத்தையே சாய்ப்பது நோக்கம்.

மிசௌரியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. போதுமான ஜனங்கள் கையெழுத்திட்டால், சட்டசபை செய்த சட்டத்தை நிறுத்திவைத்து நேரடி ஓட்டெடுப்புக்கு விடலாம். சுமார் 1 லட்சம் கையெழுத்து தேவைப்பட்டது. தொழிற்சங்கத் தோழர்கள் 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2018 ஆகஸ்ட் 7ந் தேதி ஓட்டெடுப்பு. நூற்றுக்கு 67 பேர் அந்தச் சட்டத்தைக் குப்பையில் எறிந்தார்கள். முற்போக்காளர் மட்டும் ஓட்டளித்து 67 வருமா? சங்கத்தில் இல்லாதவரும், ரிபப்ளிகன் கட்சிக்கே ஓட்டளித்து வந்தவரும் அதில் இருந்தார்கள்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2024 நவம்பரில் மிசௌரியில் நூற்றுக்கு சுமார் 58 பேர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். அதே நாளில், அதே சாவடியில், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலராக வேண்டும், நோயுற்றால் சம்பளத்துடன் லீவு வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நூற்றுக்கு 57க்கு மேற்பட்டோர் ஆதரவளித்தார்கள். இரண்டு எண்களையும் கூட்டுங்கள். நூறைத் தாண்டி ஏறத்தாழ 15 வருகிறது. ஆகவே நூற்றில் 15 பேராவது டிரம்புக்கும் ஓட்டுப் போட்டு, கூலி உயர்வுக்கும் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? கட்சி ஓட்டு என்று வரும்போது மதம், நிறம், நகரத்தின் மேல் கோபம், குடும்பப் பழக்கம் எல்லாம் வந்து நிற்கின்றன. 'உன் கூலி உயரலாமா? காய்ச்சலில் படுத்தால் உன் சம்பளம் போகலாமா?' என்று நேரே கேட்டால் வயிறு பதில் சொல்கிறது. ஆகவே ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்து, எதிர்க்கட்சிக்கு ஓட்டளித்தவன் நிரந்தர எதிரி என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. அவன் நம் அருகே நின்று அதே இயந்திரத்தை ஓட்டுகிறவன்.

"ஓட்டில் ஜெயித்து என்ன பயன்? சட்டசபை பறித்துவிடுகிறதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறித்தது உண்மை. சம்பளத்துடன் நோய் லீவு 2025 மே 1ல் அமலுக்கு வந்தது. முதலாளிமார் சங்கங்கள் சட்டசபையை நெருக்கின. ஆகஸ்ட் 28ல் அந்த உரிமை ரத்தாயிற்று. நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை! விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கூலி உயரும் என்ற பிரிவையும் வெட்டினார்கள். ஜனங்கள் கேட்டு வாங்கிய லீவை, ஜனங்களின் பிரதிநிதி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆயினும் 15 டாலர் கூலி நின்றது. 2026 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. இன்னொரு வெற்றியையும் நினைவில் வையுங்கள். ஏழைகளுக்குச் சர்க்கார் வைத்திய உதவியை விரிவாக்க 2020 ஆகஸ்டில் ஓட்டெடுப்பில் ஜனங்கள் தீர்மானித்தார்கள். 2021ல் சட்டசபை அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது. அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட் ஜனங்களின் தீர்மானம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வைத்திய உதவி வந்தது. காரணம், அந்தத் தீர்மானம் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நோய் லீவு சாதாரணச் சட்டமாக இருந்ததால் சட்டசபை எளிதில் அழித்தது. ஜெயித்ததை எங்கே பூட்டி வைப்பது என்பதும் போராட்டத்தின் ஒரு பகுதி.

2025 செப்டம்பரில் சட்டசபை இன்னொரு தந்திரம் செய்தது. ஜனங்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம், ராஜ்யத்தின் எட்டு காங்கிரஸ் தொகுதிகளிலும் தனித்தனியே ஜெயித்தாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவரத் தீர்மானித்தது. ஜனங்கள் உண்மையிலேயே பழமைவாதிகள் என்றால் ஜனங்களின் ஓட்டுக்கு இத்தனை விலங்கு எதற்கு? இந்த அச்சத்தைவிட நம்பிக்கைக்கு நல்ல அத்தாட்சி வேறு வேண்டுமா?

அந்த மண்ணின் பழைய கதையும் இதையே சொல்கிறது. 1933 மே மாதம் செயின்ட் லூயிஸில் பீக்கன் கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் கறுப்பினப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலையின்மை தலைவிரித்தாடிய காலம் அது. கம்யூனிஸ்டுகள் துணை நின்றார்கள். குறைந்த கூலிக்குப் பழக்கப்பட்டவர்கள், அடங்கிப் போகிறவர்கள் என்று முதலாளி நினைத்திருந்தான். வெள்ளையினப் பெண்களும் அவர்களோடு சேர்ந்து வெளியே வந்தார்கள். பத்து நாட்களுக்குள் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

1939 ஜனவரியில் பருத்திக்காட்டின் வாரக் குடியானவர்கள் எழுந்தார்கள். பருத்திக்குச் சர்க்கார் கொடுத்த மானியத்தைக் குடியானவனோடு பங்கிட மனமில்லாமல் நிலப்பிரபுக்கள் அவர்களை வெளியேற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், கறுப்பரும் வெள்ளையரும், கட்டில் பாத்திரங்களோடு நெடுஞ்சாலை ஓரத்தில் கடுங்குளிரில் குடியேறினார்கள். ஊர் முழுவதும், நாடு முழுவதும் பார்க்கட்டும் என்று! ஓவன் விட்ஃபீல்ட் என்ற வாரக் குடியானவர் அவர்களுக்குத் தலைவர். சில நாட்களில் போலீஸ் அவர்களைக் கலைத்தது. தோற்றார்கள் என்று பத்திரங்களை வைத்திருந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சர்க்கார் அந்தப் பகுதியில் விவசாயத் தொழிலாளருக்கு சுமார் 600 வீடுகள் கட்ட வேண்டி வந்தது.

நம்பிக்கை என்பது தேர்தல் முடிவு வரும் இரவில் மனம் குளிர்வதும் வாடுவதும் என்று எண்ணிவிடக் கூடாது. கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக் கதவைத் தட்டுவது நம்பிக்கை. கட்சியைக் கேட்காமல் கூலியைக் கேட்பது நம்பிக்கை. ஜெயித்ததைப் பறித்தால் மறுபடியும் முதல் கையெழுத்திலிருந்து தொடங்குவது நம்பிக்கை. மிசௌரியின் தொழிலாளர் இதைத்தான் செய்து வருகிறார்கள்.

எனவே, "ஜனங்கள் மாற மாட்டார்கள்" என்று யாராவது அலுத்துக்கொண்டால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கடைசியாக எந்தக் கதவைத் தட்டினீர்கள்?