சேவூரில் எந்தப் பக்கம்?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் இது. பனியன் கம்பெனியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலுமாகச் சேவூர்ப் பக்கத்து அம்மாக்கள் பிள்ளைகளோடு அலைவதைப் பார்க்கிறோம். திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரியோ, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியோ, இளங்கலைக்குப் பிளஸ் 2 மதிப்பெண், இடஒதுக்கீடு, கலந்தாய்வு, அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து மார்க் போட யாரும் இல்லை. நம் பிள்ளைகள் பட்டதாரி ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மேசை ஆய்வுப் படிப்பில் காத்திருக்கிறது.

முதுகலைத் தமிழ் முடித்து நாம் ஒரு நேர்காணலுக்குப் போனோம். சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனோம். சொந்த ஊர் கேட்டார்கள். சேவூர் என்றோம். "சேவூர்ல எந்தப் பக்கம்?" என்றார் ஒருவர். தெருவின் பெயரைச் சொன்னதும் இன்னொருவர் கோப்பை மூடினார். ஆய்வுத் தலைப்பைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கொங்கு நாட்டில் "எந்தப் பக்கம்" என்றால் என்ன கேட்கிறார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நமக்கு மட்டும் நடந்ததல்ல இது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150 மதிப்பெண்ணில் 50 நேர்காணலுக்கு. இரண்டு மூன்று நிமிடம் பேசி, பெற்றோரையும் ஊரையும் விசாரித்துவிட்டு மார்க் போட்டார்கள். அஜய் ஹாசியா வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம், நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது தன்னிச்சையானது என்றது. கேள்வி பதிலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அதற்குப் பத்தாண்டு முன்பே, நம் மாநில மருத்துவச் சேர்க்கையில் 275-க்கு 75 நேர்காணலுக்கு ஒதுக்கியது அதிகமாகத் தெரிகிறது என்று பெரியகருப்பன் வழக்கில் சொல்லியிருந்தது. இனம் பிரித்துப் போடவேண்டிய அந்த 75-ஐ மொத்தமாகப் போட்டதையும் கண்டித்தது.

இன்று என்ன நிலை? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி, முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில் எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30. நீதிமன்றம் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. 2016-ல் இதைவிட மோசம்: எழுத்துத் தேர்வு வெறும் வாசற்படி, நேர்காணலுக்கே நூறு சதவீதம் என்றார்கள். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில், ஜே.என்.யூ.வில் படித்த சேலத்து முத்துகிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டு 2017 மார்ச்சில் இறந்துபோனார். அதே பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு, எழுத்துக்கும் நேர்காணலுக்கும் விழுந்த மார்க்கை ஒப்பிட்டுப் பாகுபாட்டின் அடையாளங்களைக் கண்டு, 30-ஐ 15 ஆக்கச் சொல்லியிருந்தது.

ஆராய்ச்சி செய்ய வருகிறவரிடம் பேசிப் பார்க்க வேண்டாமா என்பார்கள். பேசட்டும். புத்தகத்தைப் பற்றிப் பேசட்டும், தெருவைப் பற்றி வேண்டாம். ஸ்ரீநகர் வழக்கு இளங்கலைச் சேர்க்கை, இது வேறு என்றும் வாதிடுவார்கள். வயது கூடினால் சாதி கேட்பது நின்றுவிடுகிறதா? அருந்ததியர் உள் ஒதுக்கீடு 2009-ல் வந்தது, 2024-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்படிப் போராடி வாங்கிய இடத்தை "தகுதியானவர் இல்லை" என்று மூன்று பேர் ஒரு மேசையில் காலியாக விட்டுவிட முடிகிறது என்பதுதான் நம் கவலை.

30-ஐ 15 ஆக்க வேண்டும். எழுத்துத் தேர்வு மார்க் குழுவின் கையில் இருக்கக் கூடாது. ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும். கைபேசிக் காலத்தில் செலவைக் காரணம் சொல்ல முடியாது.

இந்த ஆண்டு நேர்காணலுக்குப் போகும் தம்பி, தங்கைகளே, வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்குள் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். முடிவு வந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்களுக்கு எந்த இனத்தில் எத்தனை மார்க் என்று கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.