போதனை வேறு, படிப்பு வேறு

தேம்பாவணி என்ற கிறித்தவக் காப்பியத்தைத் தமிழ் மாணவருக்குப் பாடமாக வைக்கிறோம். அதன் தலைவன் வளன், விவிலியத்தில் வரும் யோசேப்புதான் என்று குறிப்பெழுதவும் பழக்குகிறோம். அந்த யோசேப்பைச் சொல்லும் மத்தேயு நற்செய்தியைத் திறந்து பார்த்த முதுகலை மாணவர் எத்தனை பேர்? மூலத்தைக் கண்ணில் காட்டாமல் காப்பியத்தைக் கற்பிப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

சமய நூலை ஏன் பாடமாக வைப்பதில்லை என்று கேட்டால், பாடத்திட்டம் வகுப்போர் அரசமைப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அதன் 28ஆவது பிரிவு. போதனை வேறு, படிப்பு வேறு. குருநானக்கின் வாழ்வையும் வாக்கையும் ஆராயப் பஞ்சாபில் ஒரு பல்கலைக்கழகச் சட்டம் வழிசெய்தபோது வழக்கு வந்தது. அது சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே தீர்த்துவிட்டது. அதற்கும் இருபது ஆண்டு முன்பே, உலகச் சமய நூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளைப் பட்ட வகுப்பில் கற்பிக்கலாம் என்று பல்கலைக்கழகக் கல்வி பற்றிய ராதாகிருஷ்ணன் குழு பரிந்துரைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவவியலுக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் சமணவியலுக்கும் தனித்தனித் துறைகளே உண்டு. இத்தனைக்குப் பிறகும் சட்டத்தைச் சாக்குச் சொல்வது கோழைத்தனம்.

உள்ளுக்குள் இருப்பது அச்சம். படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று சிலருக்கு. சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் அவர். 1850இல் அது அச்சேறியது. வரிவரியாக அந்த நூலைக் கற்றவரின் நெற்றியில் திருநீறு அழியவில்லை. 1854இல் அவர் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதி மிஷனரிகளுக்கு மறுமொழி சொன்னார். சைவரின் கோயில் சடங்குகளைப் பழித்தவர்களுக்கு, எருசலேம் ஆலயத்தின் பலியையும் தூபத்தையும் அவர்கள் வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். படிப்பு தந்த வலிமை அது.

படித்தால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சுவோர் இன்னொரு பக்கம். ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரின் ஃப்ரீ சர்ச் கல்லூரியில் எபிரேயம் கற்பித்தவர் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித். விவிலியத்தின் உபாகமம் இன்றுள்ள வடிவில் மோசே எழுதியதல்ல என்ற ஆய்வு முடிவைப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் எழுதினார். திருச்சபை அவரை ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 1881இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது. இத்தனைக்கும் அவர் தம் விசுவாசத்தை விட்டவரல்லர். கேம்பிரிட்ஜ் அவரை ஏற்றுக்கொண்டது. செமிட்டிய இனங்களின் சமயம் பற்றி அவர் 1889இல் வெளியிட்ட நூல், சமூகவியலாளர் துர்க்கைமுக்கும் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டுக்கும் வழிகாட்டியது. அன்று அந்தச் சபை செய்தது தவறு. கேள்வி கேட்ட ஆசிரியரைத் தண்டிக்கும் எந்தச் சபையும், எந்த மடமும், எந்த ஜமாஅத்தும் அதே தவற்றைத்தான் செய்கிறது.

வகுப்பில் செபம் வேண்டாம். எந்த மதத்தவரும் எந்த மத நூலையும் கற்பிக்கலாம். நூலறிவு இருந்தால் போதும். மாணவர் நம்புகிறாரா இல்லையா என்று விடைத்தாளில் தேடக் கூடாது. பாடத்திட்டக் குழுவினருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை கூடும்போது தேம்பாவணிக்குப் பக்கத்தில் மத்தேயுவையும், நபிகளின் வரலாறு பாடும் சீறாப்புராணத்துக்குப் பக்கத்தில் குர்ஆனையும் வையுங்கள்.