இரும்பு போய் ஃபைபர் வந்தது: தொழிலாளியின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

பௌர்ணமிக்கு மறுநாள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் நின்ற பேட்டரி ஆட்டோவின் மட்கார்டைத் தட்டிப் பார்த்தோம். தகர ஓசை எழவில்லை. "ஃபைபருங்க, துருப்பிடிக்காது" என்றார் ஓட்டும் தோழர்.

துருவைவிடப் பெரிய காரணம் எடை. மின்சார வண்டிக்குப் பேட்டரியே பெரும் பாரம். உடம்பின் பாரத்தைக் குறைத்தால் ஒரே சார்ஜில் அதிக தூரம் ஓடும். கண்ணாடி இழையை விரித்துப் பிசின் ஊற்றி இறுக்கிய பலகை, அதே கன அளவுள்ள இரும்பின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஜெர்மனியில் 2013 முதல் 2022 வரை பி.எம்.டபிள்யூ. கம்பெனி செய்த ஐ3 மின்சாரக் காரில் ஆள் உட்காரும் கூடு முழுவதும் கரி இழை; கதவின் உட்புறத்துக்குப் புளிச்சை இனத்துச் செடியின் நார். நார் நம் வயலிலும் விளையும். ஆனால் வெட்டி, ஊறவைத்து, உரிப்பவருக்குக் கூலி என்ன என்பதை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை!

மில் தோழர்கள் ஒன்றை அறிய வேண்டும். இந்த வித்தை புதிதல்ல. இரும்புத் தகடு கிடைக்காமல் தவித்த கிழக்கு ஜெர்மனி, 1957 முதல் 1991 வரை டிராபன்ட் காரைச் செய்தது. சோவியத் நாட்டுக் கழிவுப் பஞ்சைப் பிசினோடு அழுத்தித்தான் அதன் உடம்பு ஆயிற்று. சுமார் முப்பது லட்சம் கார்கள் ஓடின. ஒரு குறையையும் மறைக்க மாட்டோம்: பழைய உடம்பை இரும்பைப்போல் உருக்க முடியவில்லை, குப்பையாகக் குவிந்தது. இன்றைய ஃபைபருக்கும் பெரும்பாலும் அதே கதிதான்.

எங்கள் கவலை பட்டறையைப் பற்றியது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் 2021 முதல் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. இத்தொழில் வளர வளர, பாகம் வார்க்கும் சிறு பட்டறைகளும் பெருகும். அங்கே பாலியெஸ்டர் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி கண்ணை எரிக்கும், தலையைச் சுற்றவைக்கும். அது புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2018-ல் வகைப்படுத்தியது. பலகையை அறுத்துத் தேய்க்கையில் கண்ணாடித் தூசு தோலில் ஏறி அரிக்கிறது, மூச்சோடும் போகிறது.

பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோய்க்கு நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. எத்தனை மில் தொழிலாளிகள் இருமி ஓய்ந்த பிறகு அந்த இடம் கிடைத்தது! ஃபைபர் பட்டறைத் தொழிலாளியும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா? ஆவியை இழுத்து வெளியேற்றும் விசிறி, ஆவியைத் தடுக்கும் முகமூடி, காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, பிசின் பீப்பாயின்மேல் தமிழில் எச்சரிக்கை: இவற்றை இப்போதே கேட்கிறோம். கைக்குட்டை கட்டினால் போதும் என்னும் மேஸ்திரி, அங்கே எட்டு மணி நேரம் நின்று காட்டட்டும்.