மருந்தால் மட்டும் அடைபடாத கசிவு

ஐதராபாத்தின் பாலாநகர்ப் பகுதி மருந்துத் தொழிலோடு தொடர்புடையது. 1961-இல் நிறுவப்பெற்ற இந்திய மருந்துகள் நிறுவனம் தன் செயற்கை மருந்து ஆலையை இப்பகுதியில் அமைத்தது. நல்ல மருந்து கிடைத்தால் நோய் தீரும் என மக்கள் நம்புவது இயல்பே. ஆயினும், உணவுக்குழற் புற்றுநோய்க்கான அறுவைக்குப் பின் நேரும் கடுஞ்சிக்கல்களில் அந்நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு.

இவ்வறுவையில் நோயுற்ற குழலை நீக்கி, இரைப்பையைக் குழல்போல் அமைத்து, மேலே இழுத்து இணைப்பர். 1913-இல் நியூயார்க்கில் இதனை முதன்முதலாக வெற்றியுடன் செய்த பிரான்ஸ் டோரக் அவ்வாறு இணைக்கவில்லை. உடலுக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாயின் வழியாகவே உணவை இரைப்பைக்குச் செலுத்தச் செய்தார். அவ்வம்மையார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று இணைப்பு வழக்கமாகிவிட்டது. எனினும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அதில் கசிவு நேர்கிறது. கழுத்திலுள்ள கசிவைப் பெரும்பாலும் காயத்தைத் திறந்து வடித்துவிடலாம். நெஞ்சறைக்குள் கசிந்தாலோ உமிழ்நீரும் இரைப்பை நீரும் தேங்கிச் சீழ் பிடித்து, உயிருக்கே இடர் விளையும்.

கிருமிக்கொல்லி மருந்து கிருமிகளை அடக்கும். கசிவின் ஊற்றை அடைக்காது. கசிவு சிறிதாயின், வாய்வழி உணவை நிறுத்திச் சிறுகுடல் வழியே ஊட்டி, தேங்கியதை வடித்து, உள்நோக்குக் கருவியால் உறைகுழாய் பொருத்துவது போன்ற முறைகள் பயன்படும். பிளவு பெரிதாயினும், மேலே இழுத்த இரைப்பை குருதியோட்டமின்றி அழுகினும், நெஞ்சை மீண்டும் திறத்தல் வேண்டும். அழுகிய பகுதியை நீக்கி, எஞ்சிய உணவுக்குழலைக் கழுத்தில் வெளியே திறந்துவிட்டு, சில திங்கள் கழித்துப் பெருங்குடலால் புதுவழி அமைப்பர். இப்பின்வாங்கல் தோல்வியன்று; உயிரைக் காக்கும் வழியாகும். அதனைத் தயங்கித் தள்ளிப்போடுவதே பெருங்கேடு.

ஆகவே, மருத்துவமனையைத் தேர்வதற்கு அண்மையும் புகழும் அளவுகோல்களாகா. இவ்வறுவையை அங்கு அடிக்கடி செய்கின்றனரா, நள்ளிரவிலும் சி.டி. படமும், உள்நோக்குச் சிகிச்சையும், அறுவைக் குழுவும், தீவிரச் சிகிச்சைப் பிரிவும் ஆயத்தமாக உள்ளனவா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். களப்பணியாளர் நோயாளியின் குடும்பத்தார்க்கு இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். வீடு திரும்பியவர்க்குக் காய்ச்சலோ, மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ தோன்றின் மருந்துக்கடையை நாடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள், விழுங்குவதில் தொடர்ந்து தடை தோன்றின் காலந்தாழ்த்தலாகாது என்பதை மாணவர் வழியே இல்லந்தோறும் எட்டச் செய்யலாம். மருந்தின் அருமையை அறிந்தோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தலே மெய்யான அறிவியல் நோக்காகும்.