விசிறியைப் பார்த்துப் படகேறுங்கள்

மோட்டார் படகு வாங்கப் போகிற அன்பர் ஒருவரைப் பேச்சுக்கு இழுத்துப் பாருங்கள். இஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். வர்ணத்தையும் மெத்தையையும் பற்றி அவர் வீட்டார் இன்னொரு மணி நேரம் பேசுவார்கள். தண்ணீருக்குள் யார் கண்ணிலும் படாமல் சுழன்று படகைத் தள்ளுகிறதே, அந்த விசிறியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். புரொப்பெல்லர் என்று சொல்லப்படும் அந்த விசிறியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

"எங்களில் எத்தனை பேர் படகு வாங்கப் போகிறோம்?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் படகில் ஏறி உட்காருகிறவர்கள் நாம் எல்லோருந்தானே?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டையிலே வாரம் முழுவதும் இரும்போடும் நெருப்போடும் உழைக்கிறவர்களுக்கு விடுமுறை என்றால் முதலில் ஞாபகம் வருவது பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் வந்து வியாபாரம் செய்த ஊர். ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உப்பங்கழி அங்கே கிடக்கிறது. தண்ணீரைப் பார்த்தவுடன் நமக்குப் படகேறும் ஆசை வந்துவிடுகிறது. மீன்பிடிப் படகுக்காரரிடம், "கொஞ்ச தூரம் போய் வரலாமே!" என்று கெஞ்சவும் ஆரம்பித்து விடுகிறோம்.

2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, அப்படித்தான் ஒரு கூட்டம் அங்கே படகேறிற்று. பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் உறவினர். ஏறியது மீன்பிடிப் படகு. உயிர்காக்கும் மேலங்கி கிடையாது. படகு கவிழ்ந்தது; 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். ஆனால் பாடம் பழவேற்காட்டோடு நிற்கவில்லை. 2023 மே 7-ந் தேதி கேரளத்துத் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு ஒன்று அளவுக்கு மேல் ஜனங்களை ஏற்றிக் கொண்டு போய்க் கவிழ்ந்தது. அங்கும் மாண்டவர்கள் 22 பேர்.

இதற்கும் விசிறிக்கும் என்ன சம்பந்தம்? 'சுமை' என்ற ஒரே சொல்தான் சம்பந்தம். படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதும், அதற்கு எந்த விசிறி பொருந்தும் என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதே இல்லை. போல்டில் மரை போடும்போது, ஒரு சுற்றுக்கு நட்டு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதைப் 'பிட்ச்' என்று அவர் சொல்கிறார் அல்லவா? விசிறியும் தண்ணீருக்குள் திருகிக் கொண்டு போகிற ஓர் ஆணிதான். விசிறியின் நடுக்கட்டையில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று, இதழ்கள் சுழலும் வட்டத்தின் குறுக்களவு. மற்றொன்று பிட்ச், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு விசிறி எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பது.

இஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்று ஓடுகிறது, பல்சக்கரத்தினால் விசிறிக்கு அதில் பாதி, 2,750 சுற்று கிடைக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பிட்ச் 13 அங்குலம். கணக்குப்படி படகு மணிக்கு 54 கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். ஆனால் தண்ணீர் இரும்பு நட்டு அல்லவே! கொஞ்சம் வழுக்கி விடும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு வழுக்கலுக்குக் கழித்தால், 46 கிலோமீட்டர் கிடைக்கும்.

"அப்படியானால் பெரிய பிட்சாக வாங்கினால் வேகமாகப் போகலாமே!" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். நிறைபாரம் ஏற்றிய லாரியை டாப் கியரிலேயே மேட்டில் ஏற்றினால் என்ன ஆகும்? இஞ்சின் முக்கும், முனகும், சூடேறும். பிட்ச் அதிகமான விசிறியும் அப்படித்தான் இஞ்சினை வதைக்கும். பிட்ச் மிகவும் குறைந்தாலோ, இஞ்சின் தலைதெறிக்கச் சுழலும். படகு அந்த அளவுக்கு நகராது.

சரியான விசிறியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வழக்கமாக எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு சாமான் போகுமோ அவ்வளவையும் ஏற்றுங்கள். அமைதியான, ஆழமான தண்ணீரில், எதிரே யாரும் இல்லாத இடத்தில், விசையை முழுவதும் திறந்து சுற்றுமானியைப் பாருங்கள். முழு விசையில் இத்தனை முதல் இத்தனை சுற்று வரை ஓட வேண்டும் என்று இஞ்சினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். இந்நாளைய வெளிப்புற இஞ்சின்கள் பலவற்றுக்கு அது 5,000 முதல் 6,000 வரை. முள் அந்த எல்லைக்குக் கீழே நின்றால் பிட்சைக் குறையுங்கள். மேலே போனால் கூட்டுங்கள். ஓர் அங்குலப் பிட்சுக்குச் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும்.

இருவர் மட்டும் ஏறிச் சோதித்த படகில் பத்துப் பேரை ஏற்றினால் அந்தச் சோதனை செல்லாது. முள் கீழே இறங்கும். "என்னால் முடியவில்லை" என்று இஞ்சின் தன் பாஷையில் சொல்கிறது. அதற்காகப் பிட்ச் குறைந்த விசிறியை மாட்டினால் இஞ்சினின் கஷ்டம் தீரும்; படகின் கஷ்டம் தீராது. எந்த விசிறியும் படகின் கொள்ளளவை ஓர் ஆள் கூடக் கூட்டாது. படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கைதான் முடிந்த முடிவு.

உப்பங்கழியில் ஓட்டுகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆழம் குறைவு; மீனவர்கள் வலை கட்டும் கழிகள் நட்டிருக்கும். அலுமினிய விசிறி கழியில் இடித்தால் இதழ் வளையும், மாற்றி விடலாம். எவர்சில்வர் விசிறி உறுதியானது. ஆனால் பலமான இடி பல்சக்கரம் வரை போய்த் தாக்கக்கூடும். ஆகையால் ஆழமில்லாத தண்ணீருக்கு அலுமினியமே போதும். தூண்டில் நரம்பு அச்சில் சுற்றிக் கொண்டால் எண்ணெய் அடைப்பான் அறுந்து, பல்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீர் புகும். அவ்வப்போது விசிறியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

முகத்துவாரத்துப் பக்கம் உல்லாசப் படகைத் திருப்பவே திருப்பாதீர்கள். வடிகிற நீர் வெளியே பாயும்போது, உள்ளே வரும் கடலலை அதன்மேல் மோதிச் செங்குத்தாக எழும். படகு தூக்கிப் போடும்போது விசிறி காற்றை விழுங்கும். இஞ்சின் அலறும், தள்ளும் சக்தி போய்விடும். மிகவும் தேவைப்படும் சமயத்தில் படகு உங்கள் சொல்லைக் கேட்காது.

இனி, படகில் ஏறும் எல்லோருக்கும் சில வார்த்தை. நியூட்ரலில் இல்லாத படகு மெதுவாக நகர்ந்தாலும், விசிறி நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுற்றக்கூடும். மூன்று இதழ் என்றால் வினாடிக்குப் பதினைந்து வெட்டு! ஆகவே தண்ணீரில் ஆள் இருந்தால் இஞ்சினை நிறுத்தியே தீர வேண்டும், நியூட்ரல் போதாது. பின்னோக்கி ஓட்டி அவரை நெருங்கவே கூடாது. விசைப் படகுகளில் ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக் கொள்ள ஒரு சுருள் கயிறு உண்டு. அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக் கொண்டு இஞ்சினை நிறுத்தி விடும். கயிறு மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரலாம். "கயிற்றை மாட்டிக் கொண்டீர்களா, அண்ணே?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

உயிர்காக்கும் மேலங்கியைக் கரையிலேயே மாட்டி, வார்களை இழுத்துக் கட்டிக் கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கி ஆபத்து வேளையில் கைக்கு எட்டாது. குழந்தைக்குக் குழந்தை அளவு அங்கிதான் வேண்டும். பெரியவர் அங்கி போட்டால் குழந்தை அதிலிருந்து நழுவி விடும். படம் பிடிப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.

உள்நாட்டுக் கலங்களைப் பதிவு செய்து, பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்க 2021-ல் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நம் வேலை ஒன்று இருக்கிறது. ஏறுமுன் தலைகளை எண்ணுங்கள், அங்கிகளை எண்ணுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால், படகுக்காரர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும், கரையில் உட்கார்ந்து பூநாரைகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். அதுவும் நல்ல விடுமுறைதான்.