ஆர்க்குகள் ஏன் கெட்டவர்கள்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லி, அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடையிடம் விட்டுவிடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகள், 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொட்டு இன்றுவரை ஒரே குற்றச்சாட்டைச் சுமந்து வருகின்றன. காட்டில் வாழும் நெடிய எல்ஃப், சுரங்கம் தோண்டும் தாடிக் குள்ளர், புதையல் மேல் உறங்கும் டிராகன், குகையில் பதுங்கியிருக்கும் கொடிய ஆர்க் கூட்டம் என்று அரைத்த மாவையே அரைக்கின்றன என்பதே அது. விமர்சகர்கள் ‘ட்ரோப்’ என்று குறிப்பிடும், பலரும் கையாண்டு பழகிப்போன இத்தகைய கதை அச்சுகளை வார்ப்புகள் எனலாம். நாவலாசிரியருக்கு எதிராக இந்தக் குற்றச்சாட்டு நிற்கக்கூடும். விளையாட்டுக்கு எதிராக அது அதே வலுவுடன் நிற்பதில்லை.

நாவலில் வாசகர் எதையும் முடிவு செய்யவேண்டியதில்லை, எழுத்தாளர் அழைத்துச் செல்லும் வழியே போனால் போதும். மேசையிலோ, ஆட்டத்தை நடத்தும் ‘டன்ஜன் மாஸ்டர்’ ஒரு சூழ்நிலையைச் சொன்ன அடுத்த கணமே, அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது, யாரிடம் பணிந்து பேசவேண்டும், யாரைக் கண்டால் ஓடவேண்டும் என்பதை ஆட்டக்காரர் தாமே ஊகித்துச் செயல்பட வேண்டியிருக்கிறது. குள்ளர் என்றதும் அவருக்குச் சுரங்கமும் கோடரியும் பழம்பகையும் நினைவுக்கு வருவதால்தான், பத்துப் பக்க விளக்கவுரை இல்லாமல் அவரால் பேரம் பேசவோ பொய் சொல்லவோ முடிகிறது. வார்ப்பு இங்கே சோம்பலின் அடையாளமாக அல்ல, எல்லோருக்கும் பொதுவான முன்னறிவாகவே வேலை செய்கிறது.

அந்த முன்னறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கிய டெக்குமெல் உலகம் நல்ல சான்று. எல்ஃபும் குள்ளரும் தலைகாட்டாத, ஐரோப்பிய இடைக்காலத்தின் சாயல் படியாத, தனக்கென இலக்கணமும் எழுத்தும் உள்ள மொழிகளைக் கொண்ட அவ்வுலகம் 1975இலேயே ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற பெயரில் விளையாட்டாக வெளிவந்தது. குலம், கோயில், தகுதி வரிசை என்று நுணுக்கமான வழக்கங்கள் நிறைந்த அச்சமூகத்தில் ஆட்டக்காரர்கள் தடுமாறுவார்கள் என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான், அவர்களுடைய பாத்திரங்கள் ஜக்காலா என்னும் துறைமுகத்தில் வந்திறங்கும் அயல்நாட்டவராகத் தொடங்கவேண்டும் என்று விதியே வகுக்கப்பட்டது. ஆட்டக்காரரின் அறியாமையைப் பாத்திரத்தின் அறியாமையாக மாற்றிய இந்த ஏற்பாடு சாமர்த்தியமானதுதான். ஆயினும் டெக்குமெல் சிறியதொரு கூட்டத்தின் ஈடுபாடாகவே நின்றுவிட்டது. மரபை உதறினாலே அறம் தெளிந்துவிடும் என்று நம்புவோர் இன்னொன்றையும் கருதவேண்டும்: இதே பார்க்கர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை, அவருடைய படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது.

மரபு என்று சொல்லப்படுவதும் அப்படியொன்றும் பழமையானதல்ல. நாவலாசிரியர் டோல்கீன் படைத்த ஹாபிட்டுகளும் பால்ராக்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் பதிப்பில் அப்படியே இடம்பெற்று, உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பின் பெயர் மட்டும் மாறினாலும், விதிகளில் பல மலிவு விலைக் கதைப் புத்தகங்களிலிருந்து பொறுக்கியெடுத்தவை. மனப்பாடம் செய்த மந்திரம் ஒருமுறை ஏவியதும் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற விதி எழுத்தாளர் ஜாக் வான்ஸிடமிருந்தும், வெட்ட வெட்டச் சதை கூடி எழும் ட்ரோல் என்னும் அரக்கன் எழுத்தாளர் போல் ஆண்டர்சனிடமிருந்தும் வந்தவை. பிறவியிலேயே தீயவர் எனப் பின்னாளில் முத்திரை குத்தப்பட்ட ஆர்க்குகள், உயிர்களை ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று பிரித்த 1974ஆம் ஆண்டு விதிநூலில் குழப்பத்தின் பக்கத்தில் மட்டுமின்றி நடுநிலைப் பட்டியலிலும் இருக்கிறார்கள். 1977இல் அவர்கள் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவர்கள் ஆனார்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒழுங்கற்ற தீயவர்கள் ஆனார்கள். ஓர் இனத்தின் இயல்பு என்று கருதப்பட்டது, பதிப்புக்குப் பதிப்பு மாறிய ஒரு குறிப்பு மட்டுமே.

வார்ப்பு ஊறு செய்வதும் இந்த இடத்தில்தான். கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளியாகி, புதியவர்களுக்கான பெட்டியுடன் சேர்த்தே விற்கப்பட்ட ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்னும் சாகசக் கையேட்டில், ஒரு பக்கம் எல்லைக்கோட்டை, மறுபக்கம் ஆர்க், காப்ளின், கோபால்டு கூட்டங்கள் தனித்தனியே வாழும் குகைகள். ஒவ்வொரு குகைக்கும் எத்தனை ஆண்கள், அவர்கள் எத்தனை அடி தாங்குவார்கள், அவர்களிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று கணக்குச் சொல்லும் கையேடு, சண்டையிடாத பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்பதையும் அதே வரிசையில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. ஆண்கள் விழுந்தபின் அந்தக் குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி எண்ணற்ற மேசைகளில் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறது. கோட்டையின் தளபதிக்கும் பூசாரிக்கும் கொல்லருக்கும்கூட அந்தக் கையேடு பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனித்தால், அது அக்கேள்வியை எழுப்ப விரும்பவே இல்லை என்பது புரியும்; ஆனால் குழந்தைகளைக் கணக்கில் சேர்த்ததே அதை எழுப்பிவிட்டது.

இதற்குத் தீர்வு வார்ப்பைத் தூக்கியெறிவதல்ல, அதன் பின்விளைவைக் கடைசிவரை யோசிப்பதே என்பதை இரண்டு உலகங்கள் காட்டியிருக்கின்றன. 1991இல் வந்த ‘டார்க் சன்’ உலகில் மந்திரம் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்சுகிறது. அதனால் நிலம் பாலையாகி, எல்ஃபுகள் மணலில் ஓடித் திரியும் நாடோடி வணிகராகிவிட்டார்கள். புதிய விளையாட்டு உலகுக்காக வந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்மொழிவுகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்கப்பட்டு 2004இல் வெளிவந்த கீத் பேக்கரின் ‘எபெரான்’ இதைவிட ஆழமாகச் செல்கிறது. எல்ஃபுகளுக்கு நீண்ட ஆயுள் என்பது எவரும் அறிந்த வார்ப்பு. மூத்தோரின் அறிவை இழக்க மனமில்லாத சமூகம் என்ன செய்யும் என்று பேக்கர் கேட்டார். இறந்த முன்னோரை அழியாமல் வைத்து, அவர்களையே ஆலோசகராகக் கொண்டு, அவர்களையே வழிபடும் எல்ஃப் தேசம் பிறந்தது. அங்கே ஆர்க்குகளும் முரட்டு உருவத்தினர்தான்; ஆனால் அவர்களில் ஒரு மரபினர், வேற்றுலகப் படையெடுப்பிலிருந்து உலகைக் காத்த வாயில்களுக்கு இன்றும் காவலிருக்கிறார்கள். ஆட்டக்காரருக்குத் தெரிந்த உருவம் அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் புதிது. எனவே அவர் டெக்குமெலில் போலத் திகைப்பதுமில்லை, கோட்டைக் கையேட்டில் போல எதுவும் கேட்காமல் வெட்டித் தள்ளுவதுமில்லை.

இந்த விளையாட்டை இன்று வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வேறு வழியில் போயிருக்கிறது. இனத்தைக் கொண்டு ஒழுக்கத்தை முடிவுசெய்வது தவறு என்று 2020இல் ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம், 2024ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் ஆர்க்கை ஆட்டக்காரர் ஏற்கத்தக்க பாத்திரமாக்கியது. அடுத்த ஆண்டு வந்த அரக்கர் தொகுப்பில் ஆர்க்குகளுக்கென்று தனிப் பதிவே இல்லை. பழைய முத்திரையை நீக்கியது சரியே. ஆனால் அதன் இடத்தில் ஒரு வரலாற்றையோ வாழ்முறையையோ வைக்காமல் விட்டதால், ஆர்க் இப்போது பச்சையோ சாம்பலோ பூசிய இன்னொரு மனிதராக மட்டுமே நிற்கிறார். எபெரான் இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய வேலையை விதிநூல் இன்னும் தொடங்கவில்லை.