முட்டுக்கட்டை

சட்டசபையில் ஒரு மசோதா நின்றுபோனால் முட்டுக்கட்டை என்கிறோம். இரண்டு தேசங்களின் சமரசப் பேச்சு முறிந்தாலும் முட்டுக்கட்டை என்கிறோம். ஒரு கட்சி மற்றொரு கட்சியைத் தூற்றுவதற்கும் இச்சொல்லே கைகொடுக்கிறது. 'முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்ற பேச்சு ஒலிக்காத அரசியல் மேடை இல்லை. இவ்வளவு வசைக்கும் ஆளான அந்தக் கட்டை எது, அதன் வேலை என்ன என்று விசாரிப்பது வீண் காரியமாகாது.

இதற்காக ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், நடுவழியில் உள்ள திருக்கழுக்குன்றத்துக்குச் சித்திரைத் திருவிழாவில் போய்த் தேரடியில் நின்றால் போதும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் தேருக்குக் கடிவாளமும் இல்லை. திருப்பும் கருவியும் இல்லை. ஓடத் தொடங்கிய தேர் தானாக நிற்காது; வீதி திரும்பும் இடத்தில் தானாகத் திரும்பவும் செய்யாது. அப்போது, ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனமான மரக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் கொடுக்கிறான் ஒருவன். ஒரு பக்கத்துச் சக்கரம் தடைப்பட, மறு பக்கம் முன்னேற, தேர் முகம் திரும்புகிறது. மறு கணம் கட்டையை எடுத்துவிடுகிறான். அதுவே முட்டுக்கட்டை. கட்டை போடுபவன் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறான். தேர் பிசகினால் முதலில் போவது அவனுடைய உயிர்தான்.

முட்டு என்ற சொல்லுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. மேலே வழியில்லாத தெருவை முட்டுச்சந்து என்கிறோம். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். தடுப்பதும் முட்டு, தாங்குவதும் முட்டு. நம் மேடைப் பேச்சு முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டது. முட்டுக்கட்டையே கூடாது என்பவர்கள் தேரை அறியாதவர்கள். எடுக்க மனமின்றி முட்டுக்கட்டை போடுபவர்களோ தேருக்கு வேண்டாதவர்கள். இதுவே நமது அபிப்பிராயம்.

நமது சரித்திரத்தில் இதற்குச் சான்று உண்டு. 1939 செப்டம்பரில், இந்திய ஜனங்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே பிரிட்டிஷ் ஸர்க்கார் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டது. அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜிநாமாச் செய்தன. சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை அக்டோபரில் விலகியது. தேர் தவறான வீதியில் போகும்போது போட்ட கட்டை அது; போட்டது சரியே. ஆனால் கட்டையை எடுப்பது எவ்வளவு கடினமாயிற்று! 1942-ல் கிரிப்ஸ் தூது பலிக்கவில்லை. முட்டுக்கட்டையை நீக்க ராஜாஜி 1944-ல் ஒரு திட்டம் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகளும் ஜின்னாவும் பேசிய பேச்சும் முறிந்தது. 1945-ல் சிம்லா மகாநாடும் தோற்றது. 1946-ல் பிரகாசம் மந்திரி சபை அமையும் வரையில், ஆறு வருஷங்களுக்கு மேலாகச் சென்னை மாகாணம் கவர்னர் ஆட்சியிலேயே இருந்தது. இதில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று. கட்டை போட்டவனுக்கு மாலை கிடைக்கிறது. எடுக்க முயன்றவனுக்கு ஏச்சு கிடைக்கிறது. ராஜாஜி பட்ட வசையை அக்கால அரசியல் அறிந்தவர்கள் அறிவார்கள். அவருடைய திட்டம் சரியா, தவறா என்பது வேறு விஷயம். கட்டையை எடுக்கவும் ஆள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

தேருக்கே முட்டுக்கட்டை விழுந்த கதையும் உண்டு. சிவகங்கை ஜில்லா கண்டதேவியில், பட்டியல் இனத்தார் வடம் பிடிக்கும் உரிமை பற்றி 1998-ல் பெருந்தகராறு எழுந்தது. 2006-க்குப் பின் பல ஆண்டுகள் தேர் ஓடவே இல்லை. கோர்ட்டு தலையிட்ட பின், 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலில்தான் அது மீண்டும் ஓடியது. வடம் எல்லார்க்கும் பொது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமற் போனதே அத்தனை ஆண்டுகளையும் தின்றது. இந்தக் கட்டை தேரைத் திருப்பப் போட்டதன்று. நிறுத்தி வைக்கவே போட்டது. முன்னதற்கும் இதற்கும் உள்ள பேதம் இதுதான்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைக் காணலாம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் பாறையில் குடைந்த அற்புதங்கள். ஆயினும் அவற்றுக்குச் சக்கரமும் இல்லை, வடமும் இல்லை. அவற்றின் அருகே முட்டுக்கட்டையோடு யாரும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. எதிர்ப்பே இல்லாத ராஜ்யத்தை விரும்புகிறவர்கள் அந்தக் கல் ரதங்களை ஒருமுறை பார்த்துவரட்டும். தடையற்ற அமைதி அங்கே இருக்கிறது. ஓட்டம் மட்டும் இல்லை.

ஆகவே, பொது வாழ்வில் முட்டுக்கட்டை போடத் துணிகிறவரை நாம் மூன்று கேள்விகள் கேட்போம். தேரை எந்த வீதிக்குத் திருப்பப் போடுகிறீர்? எப்பொழுது எடுப்பீர்? சக்கரத்தின் அருகே நீரும் நடக்கிறீரா, அல்லது தூர நின்று கட்டையை எறிகிறீரா? இவற்றுக்கு விடையுடையவரை, ஆளுங் கட்சியாயினும் எதிர்க் கட்சியாயினும், தூற்றுவது தகாது. விடையில்லாதவர் எவ்வளவு உரத்த குரலில் கொள்கை பேசினாலும், வடம் பிடித்த ஜனங்கள் வெயிலில் நிற்பது அவராலேயே என்று சொல்லத் தயங்கவும் கூடாது. தேர் நிலைக்கு வந்து சேர வேண்டும். கட்டையைப் போடுவதும் எடுப்பதும் அதற்காகவே.